தேசியப் பேரிடர் என்ற அறிவிப்பும் அடுத்த மாத வாடகையும்

2025 நவம்பர் 21 அன்று, ஜோஹானஸ்பர்க்கில் ஜி20 உச்சி மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள், தென்னாப்பிரிக்கா முழுவதும் பெண்கள் கறுப்பு உடை அணிந்து நண்பகலில் 15 நிமிடம் தரையில் படுத்திருந்தார்கள். இந்த நாட்டில் நாளொன்றுக்குக் கொல்லப்படும் பெண்களை நினைவுகூரவே அந்த 15 நிமிடம். அதையொட்டி, பெண்கள் மீதான வன்முறையைத் தேசியப் பேரிடராக வகைப்படுத்துவதாகத் தேசியப் பேரிடர் மேலாண்மை மையம் அறிவித்தது. சட்டம் விதிக்கும் வரையறைக்குள் இது வராது என்று முதலில் மறுத்த அதே மையம், பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட கோரிக்கைக்கும் போராட்டத்துக்கும் பிறகு நிலையை மாற்றிக்கொண்டது.

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட், வெருலம் எனத் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் அப்போது எழுந்த கேள்விகள் நியாயமானவை. ஊரடங்கு வருமா? பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கிடைக்குமா? அடிக்கிற கணவன் மீது போலீஸ் இனி வேறு மாதிரி நடவடிக்கை எடுக்குமா? மூன்றுக்கும் நேரடிப் பதில் 'இல்லை' என்பதுதான். அதே வேளையில், அந்த அறிவிப்புக்கு நெடுநாள் முன்பே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்ட சில உரிமைகள் பலருக்கும் தெரியாமலே கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பணம் சம்பந்தப்பட்டவை.

வகைப்படுத்தல் வேறு, பிரகடனம் வேறு

2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு படிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

1. வகைப்படுத்தல்: ஒரு பேரிடர் நகராட்சி அளவிலானதா, மாகாண அளவிலானதா, தேசிய அளவிலானதா என்று மையம் முடிவு செய்வது. தேசிய அளவிலானது என்றால், அதைக் கையாளும் முதல் பொறுப்பு மத்திய அரசுடையது.
2. பிரகடனம்: அமைச்சர் தேசியப் பேரிடர் நிலையை அறிவிப்பது. சிறப்பு விதிமுறைகளைப் பிறப்பிக்கும் அதிகாரம் இதன் வழியாகவே வருகிறது. 2020 மார்ச் 15 அன்று கோவிட் தொற்றுக்காக நடந்தது இதுதான்; பொதுமுடக்க விதிகளெல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

நவம்பரில் நடந்தது முதல் படி. அது துறைகளைக் கணக்குக் கேட்க உதவும், இருக்கிற நிதியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி அழுத்தம் தர உதவும். ஆனால் பீனிக்ஸில் ஒரு வீட்டின் கதவுக்குள் அது தானாக நுழைவதில்லை. அங்கே நுழையக்கூடியது 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். 2021-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை விரிவாக்கியது. திருத்தம் 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அவர்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள்

"இவ்வளவு அடி வாங்கியும் மறுபடி அந்த வீட்டுக்கே போய்விட்டாளே" என்ற பேச்சை நம் குடும்பங்களில் கேட்காதவர் இருக்க முடியாது. இந்தப் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. போனவளுடைய மனவுறுதியைக் குறை சொல்லுமுன் அவளுடைய மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

டர்பன் பகுதியில் இந்திய வம்சாவளிப் பெண்கள் ஒரு காலத்தில் பெருமளவில் வேலை பார்த்தது ஆடைத் தொழிற்சாலைகளில். 1990-களில் இறக்குமதி வரி குறையத் தொடங்கியதும் அந்தத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் குறைத்தன, பல மூடப்பட்டன. தாய் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சம்பாதித்த வாரக் கூலி மகளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு இருப்பது கடை வேலை, பகுதி நேர வேலை, வீட்டில் சமோசாவும் ஊறுகாயும் செய்து விற்பது, அல்லது ஒன்றுமில்லை. 2025-இன் முதல் காலாண்டில் நாட்டின் அதிகாரப்பூர்வ வேலையின்மை 32.9 விழுக்காடு.

அரசு உதவித்தொகை இந்த இடைவெளியை நிரப்புமா? குழந்தை ஆதரவுத் தொகை 2024-இல் மாதம் 530 ரேண்டாக இருந்தது. ஒருவர் பட்டினியில்லாமல் சாப்பிட மட்டும் மாதம் 796 ரேண்ட் வேண்டும் என்று அதே ஆண்டில் புள்ளியியல் துறை கணக்கிட்டது. 2025 ஏப்ரலில் தொகை 560 ரேண்டானது. வேலையில்லாத பெரியவர்களுக்கான சமூக நிவாரணத் தொகை 370 ரேண்ட். இரண்டு பிள்ளைகளுடன் வெளியேறும் ஒருத்திக்கு இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஓர் அறையின் வாடகைக்கே பற்றாது. காப்பகங்களில் தங்கலாம், ஆனால் சில மாதங்களுக்கு மட்டுமே. பதின்ம வயது ஆண் பிள்ளைகளைப் பல காப்பகங்கள் ஏற்பதுமில்லை. மூத்த மகனை எங்கே விடுவது என்று தெரியாமலேயே திரும்பிப் போகிற தாய்மார்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பாதுகாப்பு முதலில், வருமானம் பிறகு என்று இரண்டு கட்டமாகப் பிரிப்பது தவறு. வருமானத்துக்கு வழி செய்யாத பாதுகாப்பு சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கச் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் இங்கே விளக்க வேண்டிய முக்கியச் செய்தி.

பாதுகாப்பு ஆணைக்குள் பணமும் உண்டு

பாதுகாப்பு ஆணை என்பது மாஜிஸ்திரேட் நீதிமன்றம் பிறப்பிக்கும் கட்டளை: இன்னார் இன்னாரைத் துன்புறுத்தக் கூடாது, அணுகக் கூடாது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. திருத்தத்துக்குப் பிறகு மின்னஞ்சல் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் நீதிமன்ற நேரத்துக்கு வெளியிலும் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். ஆணையுடன் ஒரு கைது வாரண்டும் பிறப்பிக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்படும். எதிர்த்தரப்பு ஆணையை மீறினால், அந்த வாரண்டையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் காவல் நிலையத்தில் கொடுத்தால் போதும்.

இந்த அளவு பலருக்குத் தெரியும். கீழே வருபவை தெரிவதில்லை.

1. பணத்தால் நெருக்குவதும் சட்டத்தின் கண்ணில் வன்முறை. குடும்பச் செலவுக்கோ வாடகைக்கோ வீட்டுக் கடன் தவணைக்கோ நியாயமின்றிப் பணம் தராமல் இருப்பது, பொதுவான வீட்டுப் பொருள்களை விற்றுவிடுவது ஆகியவை பொருளாதார வன்முறை. ஓர் அடிகூட விழாத வீட்டிலிருந்தும் ஒரு பெண் இந்தக் காரணத்தை மட்டும் வைத்து விண்ணப்பிக்கலாம். எங்கே போகிறாள், யாருடன் பேசுகிறாள் என்று ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தி அவளைத் தன்னைச் சார்ந்தே இருக்க வைப்பதும் இப்போது தனிக் குற்றச்சாட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

2. வாடகையையோ வீட்டுக் கடன் தவணையையோ எதிர்த்தரப்பே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

3. அவசரப் பண நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. வன்முறையால் ஏற்பட்ட இழப்புகளை ஈடுசெய்ய அதைக் கேட்கலாம்: இழந்த கூலி, மருத்துவச் செலவு, வீடு மாறும் செலவு, தங்குமிடச் செலவு, அன்றாட வீட்டுத் தேவைகள். இந்த உத்தரவுக்கு உரிமையியல் தீர்ப்பின் வலு உண்டு, அதாவது வசூலிக்க முடியும்.

4. வீடு யார் பெயரில் இருந்தாலும், துன்புறுத்துகிறவரை அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "வீடு அவர் பெயரில் இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறவள் எப்போதும் பெண்தான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

5. எதிர்த்தரப்பு கணவனாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருக்கும் மாமியார், மாமனார், மைத்துனர், மகன் எவர் மீதும் விண்ணப்பிக்கலாம். திருமணம் சமயச் சடங்கால் மட்டும் நடந்ததாக இருந்தாலும் தடையில்லை.

இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் விண்ணப்பப் படிவத்தில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காததை நீதிபதி தானாக எழுதித் தருவது அரிது. படிவத்தை நிரப்ப உதவுகிற எழுத்தர் அவசரத்தில் இருப்பார்; நிரப்புகிறவளோ அதைவிட அவசரத்தில் இருப்பாள். அடித்ததை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். கோயில் மண்டபத்திலோ சமூகக் கூடத்திலோ யாராவது வாரம் ஒரு மாலை உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுத்தால், அது நம் சமூகம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தொண்டுகளில் ஒன்றாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை தனி வழக்கு. 1998-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அதே மாஜிஸ்திரேட் நீதிமன்ற வளாகத்தில், கட்டணமின்றி. பெற்றோர் திருமணம் செய்தவர்களா என்பது பொருட்டில்லை. தந்தை சம்பளத்தில் இருந்தால் முதலாளியே பிடித்து அனுப்பும்படி உத்தரவு வாங்கலாம். கட்டாதவர் பெயரைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் 2015 திருத்தம் வழி செய்தது.

பதிவில்லாத தாலி

நம்மிடையே இன்னும் கவனம் பெறாத ஒரு சிக்கல் இது. சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத, முறையாகப் பதிவாகாத திருமணங்களுக்குச் சட்ட மதிப்பில்லை என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். அந்தக் கோபம்தான் பெண்களைச் சத்தியாக்கிரகத்துக்குள் இழுத்து வந்தது. ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரி 22 அன்று தம் 16-ஆவது வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் இந்தியத் திருமணங்களை அங்கீகரிக்க வழி திறந்தது.

ஆனால் இன்றும், கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டி ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் பதிவு செய்யாத இந்துத் திருமணம், திருமணச் சட்டத்தின் கீழ் முழுமையான திருமணமாக எண்ணப்படுவதில்லை. திருமணப் பதிவு அலுவலர் என்று நியமனம் பெற்ற குருக்கள் நடத்தி வைத்தால் பதிவும் அங்கேயே முடிந்துவிடும். நியமனம் இல்லாதவர் நடத்தினால் சடங்கு மட்டுமே மிஞ்சும். இதன் விளைவு இரண்டு தீர்ப்புகளில் தெளிவாகத் தெரிகிறது.

ஒன்று, 2007-இன் சட்டத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான டர்பன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. பதிவாகாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துச் சட்டத்தின் கீழ் விவாகரத்து தர முடியாது என்றது. மற்றொன்று, 2009-இன் தொகுப்பில் வெளியான அதே நீதிமன்றத் தீர்ப்பு. இந்து முறையில் மணந்த கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய ஒரே மனைவி சட்டப்படி வாரிசு என்றது.

சேர்த்துப் படித்தால், கணவன் இறந்தால் அவளுக்குப் பங்கு உண்டு, கணவனை விட்டுப் பிரிந்தால் விவாகரத்துச் சட்டம் அவளுக்குத் துணை வராது. வன்முறையிலிருந்து உயிரோடு வெளியேற நினைக்கிறவளுக்கு இதைவிடக் கொடிய ஏற்பாடு என்ன இருக்க முடியும்? முப்பது ஆண்டு சமைத்து, பிள்ளை வளர்த்து, கடையில் நின்று சேர்த்த சொத்தில் பங்கு கேட்க அவள் தனியாக ஒரு கூட்டுத்தொழில் ஒப்பந்தம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முஸ்லிம் திருமணங்களுக்கு 2022 ஜூன் 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழி திறந்தது, 2024-இல் விவாகரத்துச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் இந்துத் திருமணங்களைத் தொடவில்லை.

ஏற்கெனவே சடங்கால் மட்டும் மணந்தவர்கள் இப்போதும் பதிவு செய்துகொள்ளலாம். அப்போது ஒன்றை அறிந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் நோட்டரி வழியாக ஒப்பந்தம் எழுதாமல் பதிவு செய்தால், அது கூட்டுச் சொத்துத் திருமணமாகிவிடும். சொத்தில் பாதி அவளுடையது, கடனும் இருவருடையது. சூதாட்டத்திலோ வட்டிக்கடனிலோ சிக்கிய கணவன் என்றால் அவன் கடன் அவள் சம்பளத்தையும் தேடி வரும். ஒப்பந்தம் எழுதி, திருமணக் காலத்தில் வளர்ந்த சொத்தை மட்டும் பங்கிடும் முறை பல குடும்பங்களுக்கு ஏற்றது. மண்டப வாடகைக்கும் நகைக்கும் ஆகும் செலவின் முன் நோட்டரி கட்டணம் சிறியது. மகளுக்குச் சீர் வைக்கிற பெற்றோர் அதையும் சீரில் சேர்த்துக்கொள்ளலாம்.

இளைஞர்கள்: பாதிக்கப்படுவோரும் பாதிப்பவரும்

15 முதல் 34 வயது வரையிலானவர்களில் வேலையின்மை 2025-இன் முதல் காலாண்டில் 46.1 விழுக்காடு, 15 முதல் 24 வயதினரிடையே 62.4 விழுக்காடு. வேலை இல்லாத மகன் தாயின் வீட்டிலேயே இருக்கிறான், வேலை இல்லாத மகள் விருப்பமில்லாத உறவில் தங்கிவிடுகிறாள். சாட்ஸ்வொர்த்தில் 2000-களின் நடுவிலிருந்து பரவிய 'சுகர்ஸ்' என்ற மலிவு ஹெராயின் கலவை இந்த வேலையின்மையின் மேல்தான் வேர்விட்டது. அதற்குப் பணம் வேண்டும். ஆயாவின் (பாட்டியின்) முதியோர் உதவித்தொகை அட்டை வீட்டில் இருக்கிறது.

மகனோ பேரனோ பணத்துக்காக அடித்தால் அதுவும் குடும்ப வன்முறைதான். முதியோர் மீதான கொடுமையை 2021 திருத்தம் தனியாகக் குறிப்பிடுகிறது. அப்படி நடப்பதை அறிந்த வயது வந்தவர் எவரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர். பெற்ற பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப எந்த ஆயாவும் விரும்பமாட்டார். அதற்கும் வழி உண்டு: 2008-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்பு, சிகிச்சைச் சட்டத்தின் கீழ், அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பும்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தைக் குடும்பத்தார் நாடலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று முக்கியம். 18 வயது நிரம்பாதவர் பெற்றோர் உதவியின்றித் தாமே பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம்.

வேலைக்கான வாயில்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேற்படாத மாணவர்களுக்கு அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளிலும் நிதி உதவி உண்டு. எஸ்ஏ யூத் என்ற அரசு ஆதரவுத் தளத்தில் கைபேசித் தரவு செலவின்றி வேலை தேடலாம். வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் எவரானாலும் மோசடிக்காரர்.

சிறுதொழில் பற்றிச் சற்றுக் கூடுதலாக. சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தையில் மசாலாவும் ஊறுகாயும் விற்கும் பெண்களைப் பார்த்து "நீயும் ஏதாவது செய்து விற்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2018-இன் உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவு தயாரித்து விற்கும் இடத்துக்கு நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். நச்சு கலந்த உணவால் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2024 நவம்பரில் சிறு உணவுக் கடைகள் அனைத்தும் பதிவு செய்ய வேண்டும் என்று அதிபர் உத்தரவிட்டபின் சோதனைகள் கடுமையாயின. சான்றிதழுக்குச் சமையலறையைக் காட்ட வேண்டும். கணவனின் வீட்டிலிருந்து ஓடி வந்து உறவினர் வீட்டுக் கார் கொட்டகையில் தங்கியிருப்பவள் எந்தச் சமையலறையைக் காட்டுவாள்? கோயில்களிலும் சமூகக் கூடங்களிலும் விழா நாள்களில் மட்டும் திறக்கும் பெரிய சமையலறைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சான்றிதழ் வாங்கி வார நாள்களில் இப்பெண்களுக்குத் திறந்துவிடுவது, தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

நீதிமன்றத்துக்குப் போகுமுன்

உயிருக்கு ஆபத்து என்றால் கட்டணமில்லா 0800 428 428 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பாலியல் வன்முறை நடந்திருந்தால் சாட்ஸ்வொர்த் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் பீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் துதுசெலா மையங்கள் இருக்கின்றன. மருத்துவம், மனநல ஆலோசனை, போலீஸ் வாக்குமூலம் மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும். காப்பகம் தேடித் தரவும் மருத்துவ உதவி பெற்றுத் தரவும் போலீஸ் சட்டப்படிக் கடமைப்பட்டது. "இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமையில்லை.

முடிந்தால் எடுத்துச் செல்ல வேண்டியவை: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ரசீது அல்லது வீட்டுக் கடன் அறிக்கை, மிரட்டல் செய்திகளின் படங்கள், மருத்துவச் சீட்டுகள், கணவர் வேலை செய்யும் இடத்தின் விவரம். எதுவும் கையில் இல்லாவிட்டாலும் விண்ணப்பம் ஏற்கப்படும். படிவத்தில் பணம் பற்றிய பகுதியைக் காலியாக விடாதீர்கள். உதவித்தொகையும் கூலியும் வந்து சேரும் வங்கிக் கணக்கு வேறொருவர் கையில் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகும் அதே வாரத்தில் தன் பெயரில் புதுக் கணக்கு திறந்து, உதவித்தொகை வழங்கும் சஸ்ஸா அலுவலகத்திலும் வேலையிடத்திலும் மாற்றச் சொல்லிவிட வேண்டும்.